அந்தக் குட்டி எண்ணுக்குக் கீழே ஒரு சிவகாசி

தமிழ் விக்கிப்பீடியாவில் சிவகாசிக் கட்டுரையைத் திறந்தால் அமைவிடம், மக்கள்தொகை, பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று பக்கம் சாதுவாக நிற்கும். மேலே ‘தொகு’ என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். அதை அழுத்துங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கடவுச்சொல்கூட வேண்டாம்.

அழுத்தியதும் சாதுவான பக்கம் காணாமல் போய்விடும்! சதுர அடைப்பு, நெளி அடைப்பு, கோண அடைப்பு, செங்குத்துக் கோடு, வரிவரியாகச் சதவீதக் குறிகள். வாசிக்கும்போது வாக்கியத்தின் முடிவில் [1], [2] என்று கண்ணில் பட்டும் படாமலும் நின்ற எண்களெல்லாம் இங்கே வால் முளைத்து நீண்டு கிடக்கும். பலர் இதைப் பார்த்ததும் பயந்துபோய் ‘பின்செல்’ அழுத்திவிடுகிறார்கள். எனக்கோ கட்டுரையிலேயே ரசமான இடம் இதுதான். வாருங்கள், உள்ளே போகலாம்.

முதலில் உள் இணைப்பு. விக்கிப்பீடியாவின் இன்னொரு கட்டுரைக்கு வழி போட இரட்டைச் சதுர அடைப்பு போதும். [[சிவகாசி]] என்று எழுதினால் பெயர் நீலமாகும். அப்படியொரு கட்டுரையே இல்லையென்றால் சிவப்பாகும். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு வராத ஒரு சிக்கல் இங்கே நமக்கு வருகிறது: வேற்றுமை உருபு. [[சிவகாசி]]யில் என்று அடைப்புக்கு வெளியே ‘யில்’ ஒட்டிவிட்டால் காரியம் முடிந்தது. [[அருப்புக்கோட்டை]]க்கு, [[அருப்புக்கோட்டை]]யிலிருந்து, எல்லாம் சுலபம். சாத்தூருக்கு வந்தால்தான் மாட்டிக்கொள்வோம். [[சாத்தூர்]]இல் என்று எழுதினால் படிக்கவே சகிக்காது. அதனால் [[சாத்தூர்|சாத்தூரில்]] என்று எழுத வேண்டும். கோட்டுக்கு இடப்பக்கம் கட்டுரையின் பெயர், வலப்பக்கம் வாசகர் பார்க்கும் சொல். ராஜபாளையம் இன்னும் கெட்டி. ராஜபாளையத்தில், ராஜபாளையத்துக்கு, ராஜபாளையத்து நாய் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் உருமாறும். ஒவ்வொரு முறையும் ஒரு கோடு, ஒரு அடைப்பு. விருதுநகர் மாவட்டத்தில் இகரத்திலும் ஐகாரத்திலும் முடியும் ஊர்கள் விரலுக்கு ஓய்வு தருகின்றன. ‘ர்’, ‘ம்’ என்று முடிகிற ஊர்கள் வேலை வாங்குகின்றன.

வெளி இணைப்புக்கு ஒற்றைச் சதுர அடைப்பு. முதலில் முகவரி, பிறகு ஒரே ஒரு இடைவெளி, பிறகு தலைப்பு. அந்த இடைவெளிதான் எல்லை. முகவரியின் நடுவில் தப்பித்தவறி ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் முகவரி அங்கேயே அறுந்து, மிச்சம் தலைப்பாகிவிடும். இந்த இணைப்புகள் கட்டுரையின் உடலுக்குள் வரக்கூடாது. கடைசியில் ‘வெளி இணைப்புகள்’ என்ற பகுதியில்தான் அவற்றுக்கு இடம். தீபாவளி நெருங்கும்போது பட்டாசுக் கடைக்காரர் ஒருவருக்குத் தன் விலைப்பட்டியலை அங்கே செருகிவைக்கத் தோன்றலாம். பலன் கிடையாது. விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போகும் இணைப்புகளைத் தேடுபொறிகள் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற குறி 2007 ஜனவரியிலிருந்தே தானாகச் சேர்ந்துகொள்கிறது.

இப்போது அந்தச் சதவீதக் குறிகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கூத்து இது! உலாவியின் மேல்பட்டையில் ‘சிவகாசி’ என்று அழகான தமிழில் தெரிகிற முகவரியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஊர்ப்பெயர் போய், சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த நீண்ட சரம் ஒன்று வந்து விழும். காரணம் எளிது. ஒருங்குறியில் ‘சிவகாசி’ என்பது ச, இகரக் கொக்கி, வ, க, துணைக்கால், ச, மறுபடி இகரக் கொக்கி என்று 7 குறிகள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. ஒவ்வொரு பைட்டும் இணைய முகவரியில் ஒரு சதவீதக் குறி, இரண்டு எழுத்து என்று 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9, சிவகாசிக்கு 63. விருதுநகருக்குப் புள்ளியையும் சேர்த்து 10 குறி, எனவே 90. திருவில்லிபுத்தூருக்கு 18 குறி, 162 எழுத்து! ஆண்டாள் கோயில் கோபுரம் மாதிரியே அந்த ஊரின் முகவரியும் மாவட்டத்தில் உயர்ந்து நிற்கிறது. இந்த நீளத்தைச் சுருக்கத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கெனத் தனிக் குறுந்தொடுப்பு உண்டாக்கினார்கள். பிறகு 2019 முதல் எல்லா விக்கிமீடியா தளங்களுக்கும் பொதுவான சுருக்கி ஒன்றும் வந்துவிட்டது.

முகவரியைச் சுத்தம் செய்வது தனிக் கலை. முகநூலிலிருந்தோ வாட்சப்பிலிருந்தோ எடுத்த செய்தி முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி ஒன்றும், அதைத் தொடர்ந்து யார் எங்கிருந்து வந்தார் என்று வேவு பார்க்கும் வாலும் ஒட்டியிருக்கும். கேள்விக்குறியிலிருந்து வெட்டிவிட்டால் முகவரி பளிச்சென்றாகும். ஆனால் கை பழகிவிட்டது என்று எல்லாவற்றையும் வெட்டினால் போச்சு. தினமலரின் பழைய செய்தி முகவரிகளில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருக்கும் எண்தான் செய்தியின் அடையாளமே. அதை வெட்டினால் எந்தச் செய்தி என்றே தெரியாது. எது வால், எது உயிர் என்று பார்த்து வெட்ட வேண்டும்.

இத்தனை செய்தும் இன்னும் மேற்கோள் வரவில்லை. இணைப்பு மட்டும்தான் வந்திருக்கிறது. இந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டிவந்தேன். வெறும் முகவரியை மட்டும் அடிக்குறிப்பில் ஒட்டுவது, பெயரும் ஊரும் இல்லாமல் கதவு எண்ணை மட்டும் எழுதித் தபாலில் போடுவதற்குச் சமம். மேற்கோள் என்றால் யார் எழுதியது, தலைப்பு என்ன, எந்த இதழ், எந்தத் தேதி, எந்தப் பக்கம், நாம் என்று பார்த்தோம் என்ற அத்தனையும் சேர்ந்தது. முகவரி செத்துப்போனாலும் மற்றவற்றை வைத்து நூலகத்தில் தேடிப் பிடித்துவிடலாம்.

தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது 2003 செப்டம்பரில். அந்த நவம்பரில் வந்து சேர்ந்த இலங்கைக் கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன்தான் அதை நிலைநிறுத்தியவர். 2017 மே மாதம் கட்டுரை எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வரியின் முடிவில் எண் போட்டு, அடியில் தானாகப் பட்டியல் திரட்டும் இன்றைய வசதி விக்கி மென்பொருளுக்கு வந்ததோ 2005 டிசம்பரில்தான். அதற்கு முன் எழுதியவர்களுக்கு இந்த அடிக்குறிப்புக் கருவி கையில் இல்லை. பழைய கட்டுரைகளில் நூல் பட்டியல் ஒன்று கடைசியில் இருந்தும், எந்த வரி எந்த நூலிலிருந்து வந்தது என்று தெரியாமல் இருந்தால் எழுதியவர்மேல் கோபப்படாதீர்கள்.

இன்றைய வேலை எப்படி நடக்கிறது? கோண அடைப்புக்குள் ஒரு சிறு சொல், அதற்குள் நெளி அடைப்பில் வார்ப்புரு என்கிற ஒரு நிரப்புப் படிவம், அதற்குள் செங்குத்துக் கோடு போட்டுப் போட்டுத் தகவல்கள். ஒரே சான்றைப் பல இடத்தில் பயன்படுத்த வேண்டுமானால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, அடுத்த முறை பெயரை மட்டும் சொன்னால் போதும். அடியில் 1.0, 1.1, 1.2 என்று குட்டிப் பிள்ளைகள் முளைக்கும்! முகவரியைக் கொடுத்தால் தானே தலைப்பையும் தேதியையும் கொண்டுவந்து நிரப்பும் கருவியும் இருக்கிறது. அது கொண்டுவருவதை அப்படியே நம்பக்கூடாது. இந்து தமிழ் திசையில் செய்தியின் மேல் ‘செய்திப்பிரிவு’ என்றிருந்தால் அதை ஒரு மனிதரின் பெயராக எடுத்து ஆசிரியர் இடத்தில் உட்கார வைத்துவிடக்கூடும். பல செய்தித் தளங்கள் தலைப்புக்கும் தங்கள் பெயருக்கும் நடுவே செங்குத்துக் கோடு போடுகின்றன. வார்ப்புருவுக்கு அதே கோடுதான் தகவல்களைப் பிரிக்கும் குறி. தலைப்பு பாதியில் அறுபட்டு மீதி எங்கோ போய்விடும். ஒரு சின்னக் கோடு!

ஆசிரியர் பெயரில் இன்னொரு கூத்து. வார்ப்புருவைச் செய்தவர்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறார்கள். விருதுநகரில் பிறந்த கு. காமராஜரை எந்தக் கட்டத்தில் எப்படிப் போடுவது? ‘கு.’ என்பது தந்தை குமாரசாமியின் முதலெழுத்து. அதைக் குடும்பப்பெயர் என்று போட்டால் பட்டியலில் அவர் ‘கு., காமராஜ்’ ஆகிவிடுவார். இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு ‘ஆசிரியர்’ என்ற ஒற்றைக் கட்டத்தில் முழுப்பெயரையும் போடுவதுதான் நமக்குச் சரி. தேதியிலும் அப்படித்தான். 3-4-2012 என்றால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? 2012-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் சண்டையே இல்லை.

இனி இணைப்புகள் சாகும் கதை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024 மே மாதம் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பிறகு கிடைக்கவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் 54 விழுக்காடு கட்டுரைகளின் மேற்கோள் பகுதியில் குறைந்தது ஒரு செத்த இணைப்பாவது இருக்கிறது. நம் பக்கம் வேகம் குறைவில்லை. விருதுநகர் மாவட்டத் தளத்தின் பழைய முகவரியில் நடுவே ‘டிஎன்’ என்ற பகுதி இருந்தது. பிறகு அது போய்விட்டது. நகராட்சிகளின் பக்கங்கள் வேறொரு பொதுத் தளத்துக்குக் குடிபெயர்ந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளம் புதிதாகக் கட்டப்பட்டபோது பழைய அட்டவணை முகவரிகள் வேலை செய்யாமல் போயின. ஊரின் தலையெழுத்தையே சொல்லும் எண்கள் எல்லாம் இந்த மூன்று இடங்களில்தான் இருந்தன!

அப்போதுதான் தானியங்கிகள் வருகின்றன. அமெரிக்காவில் 1996இல் புரூஸ்டர் காஹ்ல் தொடங்கிய இணைய ஆவணகம் உலகத்தின் வலைப்பக்கங்களை அவ்வப்போது படமெடுத்து வைக்கிறது. அந்தப் படங்களைக் காட்டும் ‘வந்தவழி இயந்திரம்’ 2001இல் பொதுமக்களுக்குத் திறந்தது. செத்த இணைப்பைக் கண்டால் அதன் பழைய நகலைத் தேடி அருகில் சேர்க்கும் தானியங்கி தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஓடுகிறது. 2018 அக்டோபரில், 22 மொழி விக்கிப்பீடியாக்களில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை மீட்டிருப்பதாக ஆவணகம் அறிவித்தது. நகல் கிடைத்தால் அடிக்குறிப்பில் ‘பரணிடப்பட்டது’ என்று வரும். கிடைக்காவிட்டால் ‘தொடர்பிழந்த இணைப்பு’ என்று வரும். நகலின் முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி வரிசையாக! படமெடுத்த நொடியை முகவரியிலேயே படித்துவிடலாம். நல்ல தொகுப்பாளர் தானியங்கிக்குக் காத்திருப்பதில்லை. இணைப்பைச் சேர்க்கும் அன்றே அந்தப் பக்கத்தைப் பரணிலும் ஏற்றிவிடுகிறார்.

சாகாத மேற்கோளும் உண்டு. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று அளித்த தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சட்ட அறிக்கைத் தொகுப்பில் ‘(1996) 6 எஸ்சிசி 756’. அவ்வளவுதான் மேற்கோள். இணையமே இல்லாவிட்டாலும் விருதுநகர் வழக்கறிஞர் எவருடைய அலமாரியிலும் ஆறாம் தொகுதியை உருவி 756ஆம் பக்கத்தைத் திறந்தால் தீர்ப்பு நிற்கும். முகவரி இல்லாத இந்த மேற்கோளைப் பார்த்துப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

சிவகாசி அச்சுக்காரர்களுக்கு இப்படி மூலத்தைக் குறித்துவைப்பது புதிதும் இல்லை. அச்சிட்டவர் பெயரும் இடமும் புத்தகத்திலும் தாளிலும் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்து, 2024 மார்ச்சில்தான் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்தது. தேர்தல் சுவரொட்டி என்றால் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் முகப்பிலேயே வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆஃப்செட் பிளேட்டின் ஓரத்தில் எறும்பு அளவுக்கு அந்த வரியை வைத்து ஓட்டிப் பழகிய ஊருக்கு, அடிக்குறிப்பை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

எண்கள் விஷயத்தில்தான் மேற்கோளின் முழு வேலையும் தெரியும். 2011 கணக்கெடுப்பில் சிவகாசியின் மக்கள்தொகை 71,040. இது அன்றைய நகராட்சியின் எண். 2021இல் திருத்தங்கலையும் சேர்த்துச் சிவகாசி மாநகராட்சியானது. அதன் பிறகு ‘மாநகராட்சியின் மக்கள்தொகை 71,040’ என்று யாராவது திருத்தி எழுதினால், எண் சரி, மேற்கோள் சரி, வாக்கியம் தப்பு! சான்று எந்த ஆண்டின், எந்த எல்லைக்குள் அடங்கிய ஊரைச் சொல்கிறது என்று பார்க்காமல் பெயரை மட்டும் மாற்றியதன் விளைவு.

பட்டாசுச் சத்தத்துக்கு ‘125 டெசிபெல் வரம்பு’ என்று எங்கும் படிக்கலாம். 1999 அக்டோபர் 5 தேதியிட்ட அரசிதழ் அறிவிப்புக்கே போனால் அந்த எண்ணுடன் ஒரு தூரம் சேர்ந்து நிற்கிறது: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில். தூரம் இல்லாமல் டெசிபெலுக்கு அர்த்தமே இல்லை. அதோடு விட்டார்களா? சரவெடிக்குத் தனிச் சூத்திரம் வைத்திருக்கிறார்கள்! கோத்த வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்து ஐந்தால் பெருக்கி, அந்த அளவை வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். நூறு வாலாவுக்கு 10 குறையும், ஆயிரம் வாலாவுக்கு 15. மூல அறிவிப்பை இணைத்தவர் கட்டுரையில் இது வரும். யாரோ சொன்னதை யாரோ எழுதியதை இணைத்தவர் கட்டுரையில் வராது. பின்னால் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை போட்டது. அந்தத் தீர்ப்புக்கும் தேதியோடு தனி அடிக்குறிப்பு வேண்டும்.

விருதுநகரின் சங்கரலிங்கனார் விஷயத்தில் எனக்குத் தூக்கமே வராது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27 அன்று உண்ணாநோன்பைத் தொடங்கினார். அக்டோபர் 13 அன்று உயிர் பிரிந்தது. பல இடங்களில் ‘76 நாள்’ என்று இருக்கிறது. இரண்டு தேதிகளையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினால் 79 வருகிறது. ஓர் உயிர் போன நாட்களின் கணக்கு இது. 76 என்று எழுதுபவர் எந்த நாள்வரை எண்ணினார் என்று அன்றைய நாளிதழின் பெயர், தேதி, பக்கத்தோடு காட்டினால்தான் அந்த மூன்று நாட்களுக்கு என்ன ஆயிற்று என்பது விளங்கும்.

விபத்துக் கட்டுரைகளைத் தொடும்போது கை தானாக நிதானப்படும். 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடிவிபத்து. அன்று இறந்தவர் எண்ணிக்கை செய்திக்குச் செய்தி மாறியது. முதல் மணிநேரச் செய்தியை இணைத்துவிட்டு யாரும் திரும்பி வராவிட்டால், அந்தக் குறைந்த எண் கட்டுரையில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். விடுபட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. அதனால்தான் செய்தி வெளியான தேதியையும் நாம் பார்த்த தேதியையும் தனித்தனியே எழுதச் சொல்கிறார்கள். பிறகு வந்த செய்தி கிடைத்தால் பழையதை மாற்ற வேண்டும்.

இன்னும் பின்னால் போய்த் தேடுபவர்களுக்கு ஒரு துப்பு. விருதுநகர் மாவட்டம் பிறந்தது 1985 மார்ச் 15 அன்று. முதலில் காமராசர் மாவட்டம். 1997இல்தான் இன்றைய பெயர். அதற்கு முந்திய ஆவணங்களில் ‘விருதுநகர் மாவட்டம்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. 1972இல் வந்த இராமநாதபுரம் மாவட்ட விவரச்சுவடியைத் திறக்க வேண்டும். 1910க்கும் முன்னால் என்றால் சிவகாசி, சாத்தூர் பக்கத்துச் செய்திகளுக்குத் திருநெல்வேலி ஆவணங்கள். நாடார் சமூகத்தின் வரலாற்றையும் சிவகாசி வணிகத்தின் பின்னணியையும் எழுத ராபர்ட் ஹார்ட்கிரேவின் 1969ஆம் ஆண்டு நூல் இல்லாமல் முடியாது. பக்க எண்ணை மறந்துவிடாதீர்கள். முந்நூறு பக்கப் புத்தகத்தைக் காட்டி ‘இதில் இருக்கிறது’ என்றால் யார் தேடுவார்?

கடைசியாக ஒரு வேட்டை. ‘சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நேரு அழைத்தார்.’ இந்த வரியைக் கேட்காத தமிழர் உண்டா? பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியிலிருந்து அரசியல் மேடை வரைக்கும் சுற்றுகிறது. பெரும்பாலும் தேதி இல்லாமல், இடம் இல்லாமல். கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் கதையோடு சேர்த்துச் சொல்லும்போது கேட்கவும் இனிக்கிறது. விக்கிப்பீடியாவில் இப்படிப்பட்ட வரியின் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று ஒரு சிறு குறி போடலாம். அதை அவமானமாக நினைக்க வேண்டாம். யாரோ ஒருவர் தேடப் போகிறார் என்பதற்கான அழைப்பு அது. சான்றில்லாத வரியை ஒரு நாளிதழ் எடுத்துப் போட்டு, பிறகு அந்த நாளிதழையே சான்றாகக் காட்டி வட்டம் அடிக்கும் ஆபத்து எங்கும் உண்டு. அதனால் அண்மைச் செய்திகளை விட்டுவிட்டு நேரு காலத்துத் தாள்களுக்கே போக வேண்டும்.

நேருவின் தேர்ந்தெடுத்த எழுத்துகளும் பேச்சுகளும் நூறு தொகுதிகளாக வந்து இணையத்திலும் ஏறியிருக்கின்றன. தென்மாவட்டச் சுற்றுப்பயணப் பேச்சுகளைப் புரட்டலாம். அன்றைய தமிழ் நாளிதழ்களின் மதுரைப் பக்கங்கள் நூலகங்களில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சிவகாசியின் பழைய தொழில் நிறுவனங்களின் விழா மலர்களில் புகைப்படத்தோடு இருந்தாலும் இருக்கலாம். உங்கள் தாத்தாவின் இரும்புப் பெட்டிக்குள் அப்படியொரு மலர் கிடந்தால் முதலில் அட்டையையும், அந்தப் பக்கத்தையும், அச்சிட்டவர் பெயர் இருக்கும் ஓரத்தையும் படமெடுங்கள். பிறகு ‘தொகு’ அழுத்தி, மலரின் பெயர், ஆண்டு, அச்சகம், பக்க எண் நான்கையும் எழுதிச் சேமியுங்கள். இணைய முகவரி என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம்.